காட்டைப் பெருக்கியவர்

மலைமேல் ஒரு சின்னச் சோலைக்காடு. சுற்றிலும் தேயிலை. வெட்டாமல் மிஞ்சிய அந்தக் காட்டை ஒட்டித்தான் தெய்வயானை அம்மையின் மடம் இருந்தது.

மடத்தில் மணி கிடையாது. மழைக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் சோலையில் ஒரு தவளை கூப்பிடும். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். வேறு மலையில் அதைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. அது வாயைத் திறந்தால்தான் எல்லோரும் தியானத்தில் உட்காருவார்கள்.

சீடர்களில் ஒருவர் தணிகாசலம். அம்மையைவிட வயதில் மூத்தவர், தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு துரும்பு கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு கோடையில் அம்மை யாத்திரை போயிருந்தார். தணிகாசலம் வாசலைப் பெருக்கினார். சோலைக்குப் போகும் பாதையைப் பெருக்கினார். அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை, சோலையையே பெருக்க ஆரம்பித்தார். சருகைக் கூட்டிக் குவித்து எரித்தார். வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

மழையோடு அம்மையும் திரும்பி வந்தார். தவளை மட்டும் கூப்பிடவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். இருட்டியதும் சாப்பிடப் போனார்கள். மறுநாளும் அப்படியே.

நான் போய் ஒரு மணி வாங்கி வரட்டுமா என்று தணிகாசலம் கேட்டார். அம்மை வேண்டாம் என்றார். தவளை ஏன் கூப்பிடவில்லை என்று தணிகாசலம் கேட்டார். அம்மை அவரைச் சோலைக்குள் கூட்டிப்போனார்.

தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பாறை இடுக்கில், துடைப்பம் எட்டாத இடத்தில் மட்டும் கொஞ்சம் ஈரச்சருகு. அம்மை ஓர் இலையை மெல்ல விலக்கினார். அடியில் ஜவ்வரிசி மாதிரி நாலைந்து முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகளவில் ஒரு முழுத் தவளை, காலை மடக்கிக்கொண்டு. குளமோ குட்டையோ அதற்கு வேண்டியதில்லை. ஈரச்சருகு போதும்.

அம்மை இலையை மறுபடி மூடினார்.

தணிகாசலம் தான் பெருக்கிய தரையைத் திரும்பிப் பார்த்தார். "நான் சுத்தம்தானேம்மா பண்ணினேன். சுத்தம் சோறு போடும்னு சொல்வாங்களே."

"யாருக்கு?" என்றார் அம்மை.

அவ்வளவுதான். மடத்துக்குத் திரும்பி வந்ததும் தணிகாசலத்தின் கையில் ஒரு கூடையைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தணிகாசலம் சருகு சுமந்தார். பாதையோரம், மரத்தடி என்று எங்கே கிடந்தாலும் அள்ளி வந்து சோலையில் பரப்பினார். பழைய தோட்டத்து ஆட்கள் பார்த்துவிட்டு, மேனேஜர் காட்டில் குப்பை கொட்டுகிறார் என்று சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த கூடைக்குப் போனார்.

அந்த மழைக்காலம் முழுக்கச் சோலை ஊமையாகவே கிடந்தது. யாரும் தியானத்தில் உட்காரவில்லை. ஓர் இனமே தன் கையால் அழிந்துபோனதோ என்று தணிகாசலம் பயந்தார். சாயங்காலமானால் சோலை ஓரத்தில் போய் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். அடுத்த கோடையில் உதிர்ந்த சருகில் கணுக்கால் புதைந்தது. யாரும் தொடவில்லை.

மறுபடி மழை வந்தது. பொழுது சாய்ந்தது.

டிக்.

தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாறைப் பக்கமிருந்து இன்னொரு டிக். அதற்கு மேலே மரத்திலிருந்து ஒன்று. கொஞ்ச நேரத்தில் சோளம் பொரிவது போலச் சோலை முழுக்கப் பொரிந்தது.

சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் ஆடினார். அந்த மனிதர் சிரித்தே யாரும் பார்த்ததில்லை. ஆடியபடியே அம்மையிடம் வந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஜெயிச்சுட்டோம்மா. அது என்னை மன்னிச்சிருச்சு. கேளுங்க, என்னைத்தான் கூப்பிடுது."

அம்மையும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அது பொண்ணு தேடுது ஐயா. வாங்க, நாம சத்தம் போடாம பக்கத்துல உட்காருவோம்."