பதில் சொன்ன பிரிண்டர்

"பிரிண்டர் செத்துப்போச்சு மேடம். புது கம்ப்யூட்டர்ல எவ்வளவு தேடியும் காட்ட மாட்டேங்குது."

முத்திருளாண்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. மில் வேலையை விட்டுவிட்டு ஜன்னத்திடம் நெட்வொர்க் வேலை கற்றுக்கொள்ள வந்து மூன்று மாதம் ஆகிறது. ஜன்னத் அவர் மகளைவிட இளையவள்.

அவர் தனியாகப் போன முதல் வேலை இது. அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ரிப்போர்ட்டுக்காகப் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கேபிளை மாற்றியாயிற்று. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று. திட்டியும் பார்த்தாயிற்று.

"எனக்கு இந்த வேலை சரிப்படாது மேடம். மில்லுக்கே போயிடுறேன்."

அவருடைய போனைக் கேட்டு வந்து சேர்ந்த ஜன்னத் எதையும் தொடவில்லை. நோயாளிகளோடு உட்கார்ந்துகொண்டாள்.

"தேடுங்கண்ணே."

அவர் தேடினார். திரையில் ஒன்றும் வரவில்லை.

"சார், உள்ள வந்து..." என்று ஆரம்பித்தாள் அங்கே வேலை பார்க்கும் வேளாங்கண்ணி.

"சும்மா இரும்மா. வேலை நடக்குதுல்ல?"

ஜன்னத் கேட்டாள்: "இந்தப் பிள்ளை எத்தனை தடவை வாயைத் திறந்துச்சு?"

"காலையிலருந்து ஒரு நாலஞ்சு தடவை இருக்கும்."

"என்ன சொல்லுச்சு?"

முத்திருளாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் ஒரு தடவைகூடக் காதில் வாங்கவில்லை. வேளாங்கண்ணி பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்ல வந்தே?"

"நீங்க ஒவ்வொரு தடவை தேடும்போதும் உள்ள ரூம்ல பிரிண்டர் முழிச்சு லைட் போடுது சார்."

மௌஸ் மேல் இருந்த கை அப்படியே நின்றது.

அப்படியானால் பிரிண்டருக்குக் காது கேட்கிறது. பதிலும் சொல்கிறது. பதிலை உள்ளே விடாதது இந்தக் கம்ப்யூட்டர்தான். காலையில் வந்ததும் வராததுமாக, யாரும் நுழையக்கூடாது என்று அதற்குப் பலமாகப் பாதுகாப்புப் போட்டவர் அவரேதான்.

அந்தப் பாதுகாப்பு அமைப்பில் பிரிண்டரின் பதிலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். பிரிண்டரின் பெயர் திரையில் வந்து நின்றது. உள்ளே காகிதம் ஓடும் சத்தம் கேட்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜன்னத் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"மேடம், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்கு இந்த வேலை வருமா, வராதா?"

"நான் இப்பத்தானே வந்தேன். காலையிலருந்து உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தது வேளாங்கண்ணிதான்."

முத்திருளாண்டி நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.