பவளத்தை நலம் விசாரிக்க வந்தவர்கள்

ஒரு வீட்டுக் கூடத்தில், கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் கோமாளி மீனும் இறாலும் சங்கு நண்டும் நத்தையும் ஒரே பாறையில் குடியிருந்தன. பாறை உச்சியில் மென்பவளம் இருந்தாள். காளான் மாதிரி உடம்பு. நல்ல நாளில் நூறு விரல் நீட்டி ஆடுவாள்.

ஒருநாள் விரல்களை உள்ளிழுத்துச் சுருங்கிக்கொண்டாள். உடம்பெல்லாம் மெழுகு பூசினாற்போல ஒரு படலம்.

"ஐயோ, அக்கா போய்ச் சேர்ந்துடுவா போலிருக்கே!" என்றது மீன். "அவ அழுகினா தண்ணியே விஷம். நாமும் போனோம்!"

"பயப்படாதே தம்பி," என்றாள் பவளம். "பழைய தோலை உரிக்கிறேன். தொட்டி மோட்டார் தள்ளும் நீரோட்டம் என்மேல் பட்டால் போதும். நாலு நாளில் அதுவே கழுவிவிடும்."

நோயாளி சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மீன் தீனியைக் கொண்டுவந்து அவள் மடிப்பில் திணித்தது. "ரெண்டு வாய் சாப்பிடுக்கா!" அது அங்கேயே ஊசிப்போனது. இறால் படலத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தது. நண்டு, நீரோட்டம் வரும் பக்கமாகப் பார்த்துச் சங்கோடு உட்கார்ந்து, தன் ஒன்றுவிட்ட அத்தையும் இப்படித்தான் செத்தாள் என்று ஆறுதல் சொன்னது.

மூன்றாம் நாள் பவளம் சாய்ந்தாள். அடியில் கறுப்புப் படர்ந்தது.

"எவ்வளவு பார்த்தும் தேறலையே!" என்று இறால் விம்மியது.

கீழே பாசி மேய்ந்துகொண்டிருந்த நத்தை தலை தூக்கியது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். ஓட்டத்தை மறைக்கிறீங்க."

"எட்டிப் பார்க்கக்கூட மனசில்லே, பேச வந்துட்டியா!" என்று சீறியது நண்டு.

நத்தை யோசித்தது. நிதானமாகத்தான். "சரி நண்டண்ணே. ஆமா, உங்க கால்லயும் தோல் உரியற மாதிரி இருக்கே? ஒட்டிக்குமோ என்னமோ!"

மறுநொடி பாறை காலி! மீன் ஒரு மூலை, இறால் ஒரு மூலை. நண்டு சங்குக்குள் போனது போனதுதான்.

நீரோட்டம் நேராக வந்து மோதியது. ஊசிய தீனி போனது. படலம் கிழிந்து கிழிந்து மிதந்தது. ஒரு வாரத்தில் பவளம் நூறு விரலும் விரித்து நிமிர்ந்தாள்.

மூன்றும் ஓடிவந்தன.

"நாங்க மட்டும் கூட இல்லேன்னா என்னாயிருக்கும்கா!" என்றது மீன்.

"அந்த நத்தை கடைசிவரை வந்து பார்க்கலே, கவனிச்சியா?" என்றது நண்டு, ஓட்டம் வரும் பக்கமாகவே மறுபடி உட்கார்ந்துகொண்டு.

"கவனித்தேன்," என்றாள் பவளம்.

பிறர் நலம் தேற வேண்டுமென்று நினைப்பவர், முதலில் அவர் மூச்சுவிடும் வழியிலிருந்து விலகி நிற்க வேண்டும்.