ஒரு விரலுக்கு ஒரு கலம்

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆள் கெட்டவன் இல்லை. ஆனால் சிரிப்பு மூட்டுகிற எதையும் சட்டமாக்கிவிடுவான்.

அந்த நாட்டில் சம்பளம் போட ஒரு வழக்கம் இருந்தது. சபையில் ஒருவர் எவ்வளவு உயரத்தில் உட்காருகிறாரோ, அவ்வளவு நெல். தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு வருஷத்துக்கு ஒரு கலம். போகிற உயிரைப் பிடித்து நிறுத்தும் வைத்தியருக்கு எட்டு விரல் மணை, எட்டுக் கலம். கோட்டைச் சுவரை நிமிர்த்திய சிற்பிக்கு நாலு விரல். இவர்களையெல்லாம் பார்த்து, "என்ன, வேலை நடக்கிறதா?" என்று கேட்பதே வேலையான மேற்பார்வையாளர் பொன்னம்பல ராயருக்கோ நாற்பது விரல்! வருஷா வருஷம் ஆசனத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகிக்கொள்வார்.

ஊருக்கு மேலே பெரிய கண்மாய். அதன் மடையைத் திறப்பவன் மாயழகு. இரண்டு ஆள் ஆழம் முங்கி, மூச்சை அடக்கி, அடியிலிருக்கும் கல் மூடியைத் தூக்க வேண்டும். நாடே அந்தத் தண்ணீரில்தான் சோறு தின்றது. அவனுக்குச் சபையில் ஆசனம் ஏது? போனால் போகிறதென்று ஒரு கலம் கொடுத்தார்கள்.

ஒரு நாள் மாயழகு தன் மனைவி இருளாயியோடு சபைக்கு வந்தான். "மகராசா, முங்கி முங்கி காதுல ரத்தம் வருது. இன்னொரு கலம் சேத்துக் குடுங்க" என்றான்.

ராயருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, தரைக்கு மேலே ஒரு விரலுக்கு ஒரு கலம். இவன் தரைக்குக் கீழே இருநூறு விரல் ஆழத்தில் வேலை செய்கிறான். வழக்கப்படி பார்த்தால் இவன்தான் நமக்கு வருஷம் இருநூறு கலம் அளக்க வேண்டும்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். சிரித்த வாயாலேயே உத்தரவும் போட்டான்: தை பிறப்பதற்குள் இருநூறு கலம். இல்லையென்றால் வீடும் மாடும் பறிமுதல்.

மாயழகு வாசலைப் பார்த்துத் திரும்பினான். இருளாயி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்: "அப்ப, எவ்வளவு உசரத்துல இருந்து வேல பாக்குறாகளோ, அவ்வளவு கூலி. அப்படித்தான மகராசா?"

"அப்படித்தான். எவனாக இருந்தாலும் அப்படித்தான்!"

"நல்லாருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கண்மாய்க்கரைப் பனைமரத்து உச்சியில் மாயழகு உட்கார்ந்திருந்தான். கீழே இருளாயி கயிற்றில் கஞ்சிக் கலயத்தைக் கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். மரம் எழுநூறு விரல். ராயர் எத்தனை பலகை செருகினாலும் எட்டாத உயரம்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. மூன்றே நாளில் கண்மாய் தளும்பியது. கரை உடைந்தால் முதலில் மிதப்பது கரையடியில் இருக்கும் அரண்மனைதான். ராஜா நனைந்துகொண்டு ஓடி வந்தான், பின்னாலேயே ராயர்.

"அடேய் மாயழகு! இறங்குடா, மடையைத் திற!"

"இறங்குனா சம்பளமும் இறங்கிருமே மகராசா! எழுநூறு கலத்து வேல இது!"

"மேலே இருந்துகொண்டு என்னடா வேலை?"

"மேற்பார்வை மகராசா! தண்ணி நல்லாவே ஏறுது!"

ராஜா ராயரைத் திரும்பிப் பார்த்தான். "எல்லா வேலையையும் மேற்பார்க்கிறவர் நீர்தானே? இறங்கும்!"

மறுத்தால் தலை போகும். ராயர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். குதித்த வேகத்தில் தொந்தி மேலே வந்தது. மறுபடி முங்கினார், மறுபடியும் தொந்திதான் வந்தது. மூன்றாம் தடவை வாய் நிறையத் தண்ணீரோடு கரையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"ஐயா நாலு விரல் ஆழம் போயிட்டாரு. நாலு கலம் தண்டம் எழுதிக்கங்க!" என்றாள் இருளாயி.

ராஜா கையைப் பிசைந்தான். "தாயே, உனக்கு என்னதான் வேணும்?"

"மேல ஒரு விரலுக்கு ஒரு கலமுன்னா, கீழயும் ஒரு விரலுக்கு ஒரு கலம். தண்டமில்ல, கூலி."

"கொடுத்தேன்! இருநூறு கலம் கொடுத்தேன்!"

மாயழகு சரசரவென்று சறுக்கி இறங்கினான், முங்கினான். கரையில் நின்றவர்கள் எண்ணினார்கள். எண்பது... தொண்ணூறு... இருளாயியின் உதடு துடித்தது. அதுவரை கேலி பேசிய வாய் அது. நூற்று நாலில் வாய்க்கால் பக்கம் தண்ணீர் சீறியது, அவன் தலையும் மேலே வந்தது. ஊர் பிழைத்தது.

ஆழத்துக்கும் சம்பளம் என்று பறையறைந்தார்கள். பத்து நாள் கழித்து ராஜா சபைக்கு வந்தால், ஒருவரையும் காணோம்! தரையில் வரிசையாகத் தலைப்பாகைகள் மட்டும்.

"மகாராஜா, நான் இப்போது ஐம்பது விரல் ஆழத்தில் பணிபுரிகிறேன்" என்றது ஒரு தலைப்பாகை. ஆளுக்கொரு குழி தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். ராயருக்குத் தலைப்பாகைகூடத் தெரியவில்லை. பாதாளத்திலிருந்து குரல் மட்டும் வந்தது: "மகாராஜா, இருநூற்றுப் பத்து விரல்! அந்த மடைக்காரனை விடப் பத்து அதிகம்!"

ராஜா இருளாயியைக் கூப்பிட்டு அனுப்பினான். அவள் ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஆழமெல்லாம் சரியா இருக்கு மகராசா, அளந்து குடுத்துருங்க. ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது."

"என்ன?"

"தண்ணி."

முதல் குடம் வருவதற்குள் குழிகள் காலி. ராயரைத்தான் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருந்தது. அன்றே உயரக் கணக்கும் ஆழக் கணக்கும் ஒழிந்தன. அவரவர் வேலை செய்கிற இடத்தில் ஒரு நாள் கூடவே நின்று பார்த்து, இருளாயி சொல்வதுதான் சம்பளம் என்று ராஜா முத்திரை போட்டான். மாயழகுக்கு இருநூறு கலம் நிலைத்தது. வைத்தியருக்கும் சிற்பிக்கும் நூறு நூறு.

"என் சம்பளம்?" என்று ராயர் வறண்ட குரலில் கேட்டார்.

"ஐயாவுக்குப் பழைய நாப்பதையும் குடுத்துருவோம். எம்புருசன் மாதிரி நூறெல்லாம் வேண்டாம். முப்பது எண்ணுற வரைக்கும் தண்ணிக்குள்ள மூச்சடக்குனாப் போதும்" என்றாள் இருளாயி.

ராயர் தினமும் கண்மாய்க்குப் போய்ப் பழகுகிறார். நேற்று வரைக்கும் பதினேழைத் தாண்டவில்லை என்று கேள்வி.