கண்ணாடிக்கு அடியில் ஒரு படம்

"டப்."

அந்தச் சத்தத்தைச் சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் செல்வின் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பார். ஒரு ரப்பர் வளையம் அறுந்தால் அதற்கு மேல் சத்தம் வராது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடி உப்பளச் சாலையில், எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது கேட்டது. விரலில் சுள்ளென்று பட்டது. கல் தெறித்தது என்று நினைத்துக்கொண்டு அவர் குனிந்து மிதித்தார்.

அந்த ஊரில் அப்போது ஒரு சின்ன சைக்கிள் கழகம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு பந்தயம். உப்பளங்களைச் சுற்றி வர ஐந்து கிலோமீட்டர். அப்படிப் பத்துச் சுற்று.

பயிற்சி கொடுத்தவர் மீரான். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். முப்பத்தேழு வயது. பழைய பந்தயம் ஒன்றில் விழுந்து இடது முட்டி மடங்காமல் போனவர். அவரிடம் பழகிய ஆறு பேரும் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்றார். இதை வேடிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"மூச்சு வாங்கும்போது மூளை எண்ணாது. கை எண்ணட்டும்" என்பார் மீரான்.

அதனால் பந்தயத்தன்று ஒவ்வொருவர் கைப்பிடியிலும் பத்து ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்றைப் பிய்த்து எறிய வேண்டும். ஒற்றை வளையம் மிச்சம் இருந்தால் அதுதான் கடைசிச் சுற்று. இருக்கிற பலத்தையெல்லாம் அதில் கொட்டலாம்.

நாலாம் சுற்றில் செல்வினின் வளையம் ஒன்று தானாக அறுந்தது. எட்டுச் சுற்று முடிந்து பார்த்தபோது கைப்பிடியில் ஒன்றுதான் இருந்தது. சுற்று எண்ணிக்கையைச் சுண்ணாம்பில் எழுதி வைத்திருந்த பலகை காற்றில் குப்புற விழுந்து கிடந்தது.

அவர் பலத்தையெல்லாம் கொட்டினார். எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் வந்தார். கோட்டைத் தாண்டும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

மாலைப் பத்திரிகை ஒன்றின் படக்காரர் அங்கே நின்றிருந்தார். அவர் படம் எடுத்தார். பக்கத்தில் நின்றவரிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தக் கையோடு வேறொரு திறப்பு விழாவுக்குப் பைக்கில் போய்விட்டார்.

"அண்ணாச்சி, இன்னும் ஒண்ணு கெடக்கு!" என்று கத்திக்கொண்டே, மீரானிடம் பழகிய ஆறு பேரில் ஒருவரான காசிராஜன் அவரைக் கடந்து போனார்.

கேலி செய்கிறான் என்று செல்வின் நினைத்தார். இறங்கி ஒரு சோடா குடித்தார். பின்னால் வந்த யாருமே நிற்காமல் போவதைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. ஏறி மிதித்தார். பதினாலு பேரில் பதினோராவதாக வந்தார்.

முதலில் வந்தவர் காசிராஜன். மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று. அந்தக் கழகத்தில் கோப்பை கிடையாது. ஓட்டியவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு துண்டு, ஒரே மாதிரி ஒரு சான்றிதழ்.

மறுநாள் சாயங்காலம் பத்திரிகை வந்தது. ஏழாம் பக்கம், விளையாட்டுச் செய்தி. மூன்று பத்தி அகலத்தில் செல்வின். கைகள் இரண்டும் ஆகாயத்தில். கீழே எழுதியிருந்தது: 'முதலிடம் பிடித்த தபால் ஊழியர் செல்வின்.'

செல்வினுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதுவரை அவர் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். கடைத் தெருவிலேயே நின்று மூன்று தடவை படித்தார். அங்கே இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கினார்.

அவர் மனைவி ஜெசிந்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கைய தூக்குன எடத்துல பனியன் கிழிசல் தெரியுது."

"பேப்பர்ல அதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியுதுல்லா."

"மூஞ்சியப் பாருட்டி. எப்படி இருக்கு?"

அவள் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இப்படிச் சிரிக்கல" என்றாள்.

தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் அன்று அவளிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் நின்றார்.

தபால் நிலையத்தில் அவருக்கு ஸ்டாம்ப் கவுண்டர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் படத்தை வைத்தார். முதலில் தன் பக்கம் பார்த்து வைத்தார். பிறகு கண்ணாடியைத் தூக்கி, வருகிறவர்கள் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அவருக்கு அது தலைகீழாகத்தான் தெரியும். அதில் குறையொன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

"சார், இது நீங்களா?"

"ஆமா. சும்மா, ஒரு பொழுதுபோக்குக்கு ஓட்டுறது."

"இந்த வயசுலயா! கெட்டிக்காரர்தான் சார் நீங்க."

படம் வந்த பத்தாம் நாள் பதினோரு மணிக்குக் காசிராஜன் வந்தார். சரக்கேற்றும் கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர். கூட வேலை பார்க்கும் பேச்சிமுத்துவும் வந்திருந்தார்.

"ரெண்டு இன்லேண்ட் லெட்டர் அண்ணாச்சி" என்றார் காசிராஜன்.

பேச்சிமுத்து கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி குனிந்தார்.

"ஏ காசி, இங்க பாரு வே. முதலிடம்னு போட்டுருக்கான். நீ என்னமோ நான்தான் ஃபர்ஸ்டுன்னு கம்பெனி பூரா சொல்லிக்கிட்டு அலைஞ்ச?"

காசிராஜன் கடிதங்களுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதுல லீவு வேற! பந்தயத்துக்குப் போறேன், ஜெயிச்சிட்டு வாரேன்னு ஃபோர்மேன்கிட்ட லீவு. அந்த ஆளு பேப்பரைத் தூக்கி இவன் முன்னால போட்டுட்டாரு சார். இப்ப இவனுக்குப் பேரே சாம்பியன்தான். மேல கிரேன்ல ஏறுனா, கீழ இருந்து அம்புட்டுப் பேரும் கையத் தூக்குதான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சிமுத்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். இன்னும் சிரித்தார்கள்.

காசிராஜன் செல்வினைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று காத்திருந்தார்.

செல்வின் முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். ஒரு கவரில் குத்தினார். அடுத்த கவரில் குத்தினார்.

"படம் நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றார் காசிராஜன். கடிதங்களை வாங்கிக்கொண்டு போனார்.

 மறுநாள் விடிந்ததும் செல்வின் உப்பளச் சாலைக்குப் போனார். பாலத்துச் சுவரில் மீரான் உட்கார்ந்திருந்தார். மடங்காத காலை நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி தூங்காதவர் போலிருந்தார். மற்றவர்கள் முதல் சுற்றுக்குப் போயிருந்தார்கள்.

"காசி வரலியா மாஸ்டர்?"

"வந்து ஒரு வாரமாச்சு."

"ஒடம்புக்கு ஏதும்?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

செல்வின் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார். காற்று இன்னும் கிளம்பவில்லை. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் யார்ட்டயும் பொய் சொல்லல. நான்தான் ஜெயிச்சேன்னு ஒரு நாளும் என் வாயால வரல. பேப்பர்காரன் போட்டான். ஜனங்க கை தட்டுனாங்க. நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது ஒரு தப்பா?"

மீரான் முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க அன்னைக்கு அங்கதான இருந்தீங்க. தப்புன்னா நீங்களாவது பேப்பர்காரங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாஸ்டர்?"

"கையத் தூக்குனது நானா?"

செல்வின் தலை குனிந்தார்.

"காசிக்கிட்டச் சொன்னேன்" என்றார் மீரான். "கழகத்துல ஒரு சீட்டு எழுதி வாங்கித் தாரேன், ஃபோர்மேன்ட்டக் காட்டுன்னேன். ஜெயிச்சவன் எதுக்கு மாஸ்டர் சீட்ட வச்சிக்கிட்டு அலையணும்னு கேட்டான். அப்புறம் வரல."



"எனக்கு இது ஒண்ணுதான் மாஸ்டர்" என்றார் செல்வின். "இனி ஒரு தடவை என் படம் பேப்பர்ல வராது. காசி கெட்டிக்காரன். அவன் அடுத்த வருசமும் ஜெயிப்பான்."

மீரான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் டி.வி.எஸ். வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறுங்க அண்ணாச்சி."

செல்வின் சைக்கிளில் ஏறினார்.

"கைய விட்டுட்டு ஓட்டுங்க. படத்துல இருக்க மாதிரி தூக்குங்க."

"எதுக்கு மாஸ்டர்?"

"தூக்குங்க. அந்தப் பம்ப் ஷெட்டு வரைக்கும்."

செல்வின் கைகளைத் தூக்கினார். நூறு கெஜம் போவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல் தள்ளிற்று. முன்சக்கரம் இடமும் வலமும் ஆடிற்று. அவர் இடுப்பை நெளித்து நேராக்கினார்.

பாத்தி வரப்பில் உப்புக் கூடைகளோடு நின்றிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏக்கி, யாருட்டி அது? போலீஸ்காரன் பிடிச்சிட்டுப் போறானா?"

"இல்லக்கா, மழை வருதான்னு தடவிப் பாக்காரு."

"அண்ணாச்சி, வலிக்கும், இறக்கிக்கிடுங்க!"

அவர்கள் சிரிப்பு பின்னால் தேய்ந்தது. செல்வினின் முழங்கைகள் மடங்கின.

"இறக்காதீங்க" என்றார் பக்கத்தில் வண்டியில் வந்த மீரான்.

தோளில் முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பாரமாக இருந்தது. கைகள் அவருடையவை அல்லாமல் யாரோ தூக்கிக்கொண்டு வரச் சொன்ன மூட்டைபோல் ஆயின. கண்ணில் வேர்வை இறங்கிற்று. அதைத் துடைக்கவும் கை இல்லை.

"மாஸ்டர், முடியல."

"இன்னும் கொஞ்சம்."

"விழுந்திருவேன் மாஸ்டர்."

 வண்டியின் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

பம்ப் ஷெட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது செல்வினின் கைகள் தாமாக விழுந்தன. சைக்கிள் சரிந்தது. அவர் காலை ஊன்றி நின்றார். கைப்பிடியின் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கினார். 

மீரான் வண்டியை நிறுத்தினார். அவர் முகத்திலும் களைப்புதான் இருந்தது.

"எவ்வளவு தூரம் வந்திருக்கும்?"

"அரை மைல்கூட இருக்காது மாஸ்டர். தோள்பட்டை கழண்டு போச்சு."

"அன்னைக்கி எவ்வளவு நேரம் தூக்குனீங்க?"

செல்வின் யோசித்தார். "ரெண்டு செகண்டு. மிஞ்சிப்போனா மூணு."

"பேப்பர்ல இன்னைக்குப் பதினோரு நாள்" என்றார் மீரான். "இன்னும் இறக்கலியே, அண்ணாச்சி."

 மற்றவர்கள் சுற்றை முடித்துக்கொண்டு அந்த வழியாகக் கடந்து போனார்கள். ஒருவர் மணியடித்தார். செல்வின் நிமிரவில்லை.

அன்று காலையே அவர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். நிருபருக்கு அவர் சொன்னது சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "யாருமே கேக்கலியே சார், எதுக்கு இதெல்லாம்?" என்றார். செல்வின் தானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பத்தாவது சுற்று, காசிராஜன், கிரேன் ஓட்டுநர், வயது நாற்பத்துநாலு.

பதினாலாம் நாள் அது மூன்று வரியில் வந்தது.

காசிராஜன் அதற்கு முந்தின நாளே ரயிலேறிப் போய்விட்டார். ஒரிசாவில் பாராதீப் துறைமுகத்துக்கு நான்கு கிரேன்காரர்கள் வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது, அவர் தானாகப் பெயர் கொடுத்திருந்தார். பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றார்.