ஈரம் சொன்ன சென்சார்

மண் காய்ந்தால் கத்தரிச் செடிக்குத் தானாகவே தண்ணீர் விடும் கருவியோடு பள்ளிக் கண்காட்சியில் நின்றாள் ஒன்பதாம் வகுப்பு முத்தரசி.

"வாத்தியார் செஞ்சதை மனப்பாடமா ஒப்பிக்கிற," என்று சிரித்தார் ஆய்வுக்கு வந்த அதிகாரி துரைசிங்கம். "நீதான் செஞ்சேன்னு எப்படி நம்புறது?"

"நான் திரும்பி நிக்கிறேன் சார். எதையாவது கெடுத்து வைங்க, கண்டுபிடிக்கிறேன்."

மண்ணில் குத்தியிருந்த வயரில்லாத சென்சாரை உருவி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அதிகாரி. திரும்பி வந்த முத்தரசி சுவிட்சைப் போட்டும் மோட்டார் ஓடவில்லை.

சென்சார் அனுப்பும் ஈர அளவைச் செல்போனில் பார்த்தாள்.

"மண்ணு காஞ்சு கிடக்கு, சென்சார் ஈரம்னு சொல்லுது. அது வேர்வையில நனைஞ்ச உங்க சட்டைப்பையில இருக்கு சார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அதை வாங்கி மண்ணில் குத்தியதும் தண்ணீர் பீறிட்டு அவர் பூட்ஸை நனைத்தது. துரைசிங்கம் நகரவே இல்லை.

"இன்னொரு தடவை காட்டும்மா," என்றார்.