ராகு காலத்தில் நிரம்பிய ஏரி

கேளுங்கள் பிள்ளைகளே. பெற்றவர்களும் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கதை முக்கியமாக உங்களுக்குத்தான்.

ஏரிக்கு ஒரு ராஜாவும் ராஜாவுக்கு ஒரு ஏரியும் இருந்த காலத்தில், நீர்க்குன்றம் என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதை ஆண்டவர் மருதவாணர். நல்ல மனிதர். ஆனால் நாள் பார்க்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். முடி வெட்டிக்கொள்ளவும் நாள் பார்ப்பார், அதனால் வருஷத்தில் பாதி நாள் முனிவர் மாதிரி இருப்பார்.

அவருக்கு ஒரே மகள், அல்லி. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாரிசுக்குப் பத்து வயது நிறையும் ஆண்டில், ஏரி நிரம்பி, மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் வழியே தண்ணீர் வழிகிற அன்றே சபை கூடும். ஒவ்வொரு ஊராரும் எழுந்து, இந்த வருஷம் இத்தனை வேலி நிலம் பயிர் வைக்கிறோம் என்பார்கள். வேலிக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று சபை அப்போதுதான் சொல்லும். ஊருக்கு ஊர் எத்தனை நாழிகை மடை திறக்க வேண்டும் என்று வாரிசு பொழுது சாய்வதற்குள் கணக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மடையைத் திறந்து மூடும் உரிமைக்கு அடையாளமான மடைக்கோல் அந்தக் குழந்தைக்கு. சொல்லாவிட்டால் அரசரின் தம்பி சேந்தனுக்கு.

சேந்தனுக்கு ஏரிக்கரையிலேயே பெரிய தென்னந்தோப்பு இருந்தது. கோல் அவர் கைக்குப் போனால் தண்ணீர் தோப்பைத் தாண்டாது. கடைமடையில் இருக்கும் புல்லூர்க்காரர்கள் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை நினைத்தால் அரசருக்குச் சோறு இறங்காது.

அல்லிக்கு வயது ஒன்பது முடிந்துவிட்டது. பின்னக் கணக்கில் கால் தெரியும். எட்டில் ஒன்றான அரைக்கால் தெரியாது. பதினாறில் ஒன்றான மாகாணி என்றால் ஓடிவிடுவாள். ஆசிரியர் காலையில் வந்து சொல்லிக்கொடுப்பார், மாலைக்குள் போட்டு வைக்கும்படி வீட்டுக் கணக்கும் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் வந்து பார்த்தால் மணல் பலகையில் கணக்கு இருக்காது, மயில் இருக்கும். மயில் நன்றாகவே இருக்கும்.

அரசர் உதவி செய்வது என்று முடிவு செய்தார்.

முதலில் இடம் சரியில்லை என்று நினைத்தார். கிழக்குப் பார்த்து ஒரு படிப்பு மண்டபம் கட்டினார். தூணுக்குத் தூண் சிற்பம். அல்லி தினமும் தவறாமல் மண்டபத்துக்குப் போய்ச் சிற்பம் பார்த்தாள்.

அடுத்து ஊக்கம் போதவில்லை என்று நினைத்தார். ஒரு கணக்குக்கு ஓர் அதிரசம் என்றார். ஒரு வாரத்தில் அல்லி, ஒரு கணக்குக்கு இரண்டு, பாதிக் கணக்குக்கு ஒன்று, கணக்கைப் பார்த்ததற்குப் பாதி என்று பேசி முடித்துவிட்டாள். சமையல்கட்டில் வெல்லம் தீர்ந்தது.

மூன்றாவதாக நேரம் சரியில்லை என்று நினைத்தார். நாள் பார்த்துச் சொல்லும் கணியர் ஆதிச்சநம்பியை வரவழைத்து, குழந்தை எப்போது படிக்க உட்கார வேண்டும் என்று தினமும் குறித்துத் தரச் சொன்னார். இதுதான் இருப்பதிலேயே பெரிய உதவி.

"அப்பா, இப்போ ராகு காலம்ப்பா" என்பாள் அல்லி. அரசர் ஒத்துக்கொள்வார்.

"அப்பா, இப்போ எமகண்டம்ப்பா" என்பாள். அதற்கும் ஒத்துக்கொள்வார்.

"அப்பா, இப்போ குளிகை. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்குமாம். இப்போ கணக்குப் போட்டா தினமும் போடணும்" என்பாள். அரசர் யோசிப்பார். நியாயமாகத்தான் தோன்றும்.

மிச்சமிருக்கும் நல்ல நேரத்தில் அவள் சாப்பிடுவாள் அல்லது தூங்குவாள். வாய்ப்பாடு ஏறவில்லை. ஆனால் ஏழு கிழமைக்கும் ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மனப்பாடம் செய்கிற சக்தி குழந்தைக்கு இருக்கிறது என்று ஆசிரியர் அரசரிடம் தெரிவித்தார். ஆசிரியர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

மழைக்காலம் நெருங்கியது. அந்தச் சமயம் பார்த்து, மகளுக்குப் பிரசவம் என்று கணியர் வெளியூர் போய்விட்டார். நேரம் சொல்ல ஆளில்லை. அரசர் கூடத்தில் இப்படியும் அப்படியுமாக நடந்தார்.

அரசி உமையாள் பூத்தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "விளக்கு வைக்கிற நேரத்துல உட்கார வைங்க. விளக்கு தினமும் வைக்கிறோம் இல்ல?"

"உட்காரச் சொன்னா உட்கார்றாளா அவ?"

"சொன்னா உட்கார மாட்டா. நீங்களும் கூட உட்காருங்க."

"நான் எதைப் படிக்கிறது?"

அரசி மூலையைக் காட்டினாள். அங்கே ஊர் ஊராக வந்த ஓலைகள் நல்ல நாளுக்காகக் காத்துக் கிடந்தன. சிலவற்றில் சிலந்தி குடித்தனம் நடத்தியது.

அன்று மாலை விளக்கு வைத்தார்கள். ஒரு பக்கம் அல்லி மணல் பலகையோடு உட்கார்ந்தாள். எதிரே அரசர் ஓலைகளோடு உட்கார்ந்தார். மண்டபம் இல்லை, அதிரசம் இல்லை, கணியர் இல்லை.

முதல் நாள் அல்லி விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பார்த்தாள். அரசரும் அதையேதான் பார்த்தார். இரண்டாம் நாள் அல்லி ஒரு கணக்குப் போட்டாள், தப்பு. அரசர் ஓர் ஓலையைப் படித்தார், பாதியில் தூங்கினார். மூன்றாம் நாள் அல்லி அதே கணக்கை அழித்துவிட்டுப் போட்டாள். அரசர் அதே ஓலையை முதலிலிருந்து படித்தார். புல்லூர் வாய்க்கால் தூர்ந்துபோய் இரண்டு வருஷமாயிற்று என்று அதில் எழுதியிருந்தது. பிடிக்காத வேலைக்கு முன்னால் உட்கார்வது இவ்வளவு கஷ்டமா, இதையா குழந்தையைத் தனியாகச் செய்யச் சொன்னோம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு அவர் அல்லியிடம் படி என்று சொல்லவில்லை. விளக்கு வைத்ததும் போய் உட்கார்ந்தார். அவளும் வந்தாள். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள், ஆனாலும் வந்தாள். ஓலைக்கட்டு இளைத்தது. புல்லூர் வாய்க்காலில் மண்வெட்டி இறங்கியது. அரைக்கால் வந்தது, அதன் பின்னாலேயே மாகாணியும் வந்தது.

கணியர் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வந்தார். விளக்கெதிரே இருவரையும் பார்த்துப் பதறிப்போனார்.

"அரசே, ராகு இன்னும் முழுசா விலகலையே."

"கணியரே, சத்தம் போடாம உட்காருங்க. குழந்தை கணக்குப் போடுது" என்றார் அரசர். சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே கொஞ்சம் பயந்தார்.

மழை பெய்தது. பெய்துகொண்டே இருந்தது. ஏரி பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கமில்லாதது. அது ஒரு வியாழக்கிழமை பிற்பகல், சரியாக ராகு காலத்தில், கலங்கலைத் தாண்டி வழிந்தது.

சபை கூடிவிட்டது. அரசர் எழுந்து அல்லியின் பக்கத்தில் வந்தார். குனிந்து மகள் காதில், "கொஞ்சம் பொறுக்கலாமா கண்ணு? ராகு போகட்டும்" என்றார்.

"வழியுதுப்பா" என்றாள் அல்லி.

வேலிக்கு முக்கால் நாழிகை என்று சபை சொன்னது. ஊர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அல்லி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் புல்லூர் நாட்டாண்மை எழுந்து, "எங்களுக்கு அஞ்சரை வேலி, தாயி" என்றார்.

அல்லி விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். அந்த அரை வேலியில் வந்து நின்றுவிட்டாள். சேந்தன் மீசையைத் தடவினார். நாட்டாண்மை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அரசர் அந்த ஐந்தரை வேலியும் காய்ந்து வெடித்துக் கிடப்பதை அப்போதே பார்த்துவிட்டார்.

அல்லி குனிந்து, தரையில் விரலால் ஒரு கோடு போட்டாள். தப்பு. அழித்தாள். மறுபடி போட்டாள். அவள் அவசரப்படவில்லை. தினமும் செய்கிற வேலைதானே.

"அஞ்சு முக்கால், மூணே முக்கால். அரை முக்கால், காலே அரைக்கால். சேர்த்தா நாலே அரைக்கால் நாழிகை" என்றாள்.

சபை விரல் விட்டுப் பார்த்தது. சரி. நாட்டாண்மை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேந்தன் எழுந்தார். "யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்குது குழந்தை. இதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"அளவு இப்போதானே சொன்னோம். சரி, ஏதாவது ஓர் ஊருக்கு நீங்க சொல்லுங்க" என்றது சபை.

"இப்போ ராகு காலம்" என்றார் சேந்தன்.

ராகு காலம் முடியும்வரை சபை பொறுத்திருந்தது. "இன்னைக்குத் தெற்கே சூலம். நான் தெற்குப் பார்த்து நிக்கிறேன்" என்றார். அவரைத் திருப்பி நிறுத்தினார்கள். "அது கிடக்கட்டும், இன்னைக்கு அஷ்டமி" என்றார். பத்து வயதிலிருந்தே அவர் கணக்குப் படிக்க ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அதற்குள் அல்லி மடைக்கோலோடு கரைக்குப் போய்விட்டாள். புல்லூருக்குத் தண்ணீர் போனது.

அன்று மாலை ஊரெல்லாம் கொண்டாட்டம். அரசர் களைத்துப்போய் ஊஞ்சலில் சாய்ந்தார். இனிமேல் ஓலையும் வேண்டாம், பலகையும் வேண்டாம், குழந்தைக்கும் தனக்கும் ஒரு மாதம் விடுமுறை என்று அறிவிக்க நினைத்தார். அதற்கு நல்ல நாள் எது என்று கணியரைக் கேட்கவும் நினைத்தார்.

விளக்கு வைத்தார்கள். அல்லி மணல் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"என்னப்பா, உங்க ஓலை எங்கே?" என்றாள்.

அரசர் பெருமூச்சு விட்டு எழுந்து போய் ஓலைகளை எடுத்து வந்தார்.

ஆகவே கேட்டவர்களே, பிள்ளை தினமும் படிக்க வேண்டுமென்றால், பெற்றவர் தினமும் அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தம் வேலையைப் பார்க்க வேண்டும்.