வைரி அமர்ந்த கிளை

எசக்கியப்பன் தன் மனைவி செண்பகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

முப்பத்தாறு வருஷமாக, விடிந்தால் எதற்காவது அவரை வைதுகொண்டே காப்பி தருகிறவள். இன்றைக்குத் தப்பித்தோம் என்று அவர் பேப்பரைப் பிரித்தார்.

ஒன்பது மணிக்கு அவள் அடுப்படியில் செத்துக் கிடந்தாள். நெஞ்சுவலி விடியுமுன்பே வந்திருக்கும் என்றார் டாக்டர்.

அவருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வருஷமாகியும் அது இறங்கவில்லை.

காட்டு வைரி என்கிற வேட்டைப் பறவையைப் பார்த்தால் மனசு அடங்கும், அதைக் காட்டித்தர மலையில் காத்தாயி என்றொருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். போனார்.

காத்தாயி காட்டுக் காவலுக்கு இருப்பவள். அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஒரு பாறையைக் காட்டி, "உக்காருங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லித்தரவில்லை.

ஆறாம் நாள் காலையில் அவர் நோட்டை அவள் முன்னால் போட்டார்.

"பதினோரு தடவை வைரி கத்தியிருக்கு. நேரத்தோட எழுதி வச்சிருக்கேன். ஒரு தடவையாவது நீ கையைக் காட்டினியா? நீயெல்லாம் ஒரு குருவா?"

காத்தாயி நோட்டைப் புரட்டினாள்.

"பதினொண்ணும் கரிச்சான்."

"என்னது?"

"கரிச்சான் வைரி மாதிரியே கத்தும். மத்த குருவியைப் பயங்காட்டி இரையைப் புடுங்கித் திங்கும். பஸ்ஸுல கண்டக்டரா முப்பது வருஷம் விசில் கேட்ட காதுல்லா. சத்தம் வந்த பக்கமே திரும்புது."

"அப்போ வைரி எப்பத்தான் கத்தும்?"

"வேட்டைக்கு உக்காந்தா கத்தாது."

அவர் நோட்டைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார்.

"ஒரு சத்தம் குடுத்தா என்ன கேடு? வலிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"வைரிக்கு எங்க வலி, அண்ணாச்சி?"

அவர் ஓடையில் போகும் நோட்டைப் பார்த்தார்.

"ஆறு நாளா பாக்கேன்" என்றாள் காத்தாயி. அவளுக்கும் கோபம் வந்திருந்தது. "உங்க மூச்சுகூட யார்கிட்டயோ சண்டை போடுது. வாயை மூடிட்டு உக்காருங்க. இல்லைன்னா கீழே இறங்குங்க."

அவர் உட்கார்ந்தார்.

எதிர் மரத்தில் பச்சைநிறக் குக்குறுவான் ஒன்று ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. புதரில் தவிட்டுக்குருவிகள் சண்டையிட்டன. மேலே ஓர் அணில் விடாமல் கீச்சிட்டது. எல்லாம் சேர்ந்து அவர் மண்டையைக் குடைந்தன.

அணில் நிறுத்தியது. தவிட்டுக்குருவிகள் அடங்கின. கடைசியில் குக்குறுவானும் நிறுத்தியது.

அப்பாடா என்று காலை நீட்டினார்.

காத்தாயி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"பாருங்க."

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் பாருங்கன்னேன்."

நேர் எதிரே, பத்தடி தூரத்தில், தாழ்ந்த கிளை ஒன்றில் அது இருந்தது. புறா அளவுதான். வெள்ளைத் தொண்டையின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. மஞ்சள் கண் அவரையே பார்த்தது.

பிறகு கிளை காலியாக இருந்தது. எதிர் மரத்து இலைகளுக்குள் ஏதோ அடிபடும் சத்தம் கேட்டது. குக்குறுவானைக் காலில் இடுக்கிக்கொண்டு வைரி அதே கிளைக்குத் திரும்பியது. இறகைப் பிய்த்து உதறியது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

"எப்ப வந்துச்சு, தாயி?"

"சத்தமெல்லாம் நின்னுச்சுல்லா, அப்பவே வந்துட்டு. நீங்க காலை நீட்டிக்கிட்டு இருந்தீங்க."

அவர் காலை மடக்கிக்கொண்டு அந்தக் கிளையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அவ தம்ளர்ல காப்பி அப்படியே இருந்துச்சு" என்றார். "நான்தான் எடுத்துக் கழுவி வச்சேன்."

யார் என்று காத்தாயி கேட்கவில்லை.

கிளையில் நாலைந்து பச்சை இறகுகள் ஒட்டியிருந்தன.